திரும்பிப் பார்க்காத நடை

மாசி, பங்குனி நடைகளுக்கு வழிகாட்டப் போகும் புதிய பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் மலைநடைச் சங்கத்தில் கேட்டார்கள். எந்தச் சரிவில் இலவு முதலில் பூக்கும், எந்த ஓடை பங்குனிக் கடைசிவரை வற்றாது என்பதையெல்லாம் நீங்களே இரண்டு நடையில் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் வேண்டாம். இருபத்திரண்டு வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் உங்களுக்கு உருப்படியாகச் சொல்லக்கூடியது, அவன் செய்த தப்புகளைத்தான். சிரிப்புக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு, சிரிக்க முடியாத ஒன்றுக்கு வருகிறேன்.

முதல் வருடம் தேவாரம் ஊருக்கு மேலே மலையில் வழி தவறிவிட்டேன். ஒத்துக்கொள்ள வெட்கம். "இந்தப் பக்கம் ஒரு அபூர்வமான மரம் இருக்கிறது, காட்டுகிறேன்" என்று சொல்லி, பத்துப் பேரை இரண்டு மணி நேரம் முள்ளுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். கடைசியில் வந்து சேர்ந்தது காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய அதே இடம். எங்களோடு வந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர் பஸ் நிற்கும் இடத்துப் புளியமரத்தைத் தட்டிக் கொடுத்து, "இதானா தம்பி அந்த அபூர்வ மரம்?" என்று கேட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தப்பு செய்தால் மூடி மறைக்கிற புத்தி எனக்கு அப்போதே இருந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

நம் நடை வெறும் பூப்பார்க்கும் நடை அல்ல என்று உங்களுக்குத் தெரியும். கோடை நெருங்க நெருங்க மலையில் தண்ணீர் ஒன்றிரண்டு ஓடைகளில்தான் மிஞ்சும். மிருகங்கள் அங்கேதான் இறங்கும் என்று தெரிந்து, வேட்டைக்காரர்கள் தடத்தில் கம்பிக் கண்ணி வைப்பார்கள். ஒரு சைக்கிள் பிரேக் கம்பி போதும். வந்தவர்களுக்குப் பூவையும் பறவையையும் காட்டிக்கொண்டே, புதர்களில் அந்தக் கண்ணிகளைத் தேடிப் பிடுங்கிக்கொண்டு வருவோம். கூலி கிடையாது, கட்டுச்சோறும் அவரவர் வீட்டிலிருந்துதான். ஆனாலும் கடைத்தெருவில் கல்லாவில் உட்கார்ந்து முதுகு வலித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

ஆரம்பத்தில் ஆண்கள் மட்டும்தான் வந்தார்கள். எழுபதுகளில் போடிக் கடைத்தெரு வீடுகளில் பெண்களும் வர ஆசைப்பட்டார்கள். ஆசைப்பட்டால் போதுமா? மாமனார், மாமியார், புருஷன், அண்ணன் என்று நாலு தலை ஆட வேண்டும். அவர்களில் பாத்திரக்கடை ஐயா நல்ல மனிதர், சர்ச் சபையில் மதிப்பானவர், எதையும் நேராகக் கேட்பவர். என்னைக் கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்.

"தம்பி, மலையில பொம்பளைக ஒதுங்கணும்னா என்ன செய்வாக? கூட வாரது அத்தனையும் அடுத்த வீட்டு ஆம்பளைக."

அதற்குப் பதிலாகத்தான் அந்த விதியை உண்டாக்கினேன். ஆண்கள் முன்னால், பெண்கள் ஐம்பதடி பின்னால். ஏறும்போதும் இறங்கும்போதும் எந்த ஆணும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பெண்கள் ஒதுங்க வேண்டுமென்றால் ஒரு கைதட்டு. ஆண்கள் அப்படியே மலையைப் பார்த்தபடி நின்றுகொள்வார்கள். முடிந்ததும் இரண்டு கைதட்டு, நடக்கலாம். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கக் கூடாது. ஐயா மனம் குளிர்ந்துபோனார். அவர் வீட்டுப் பெண்களை அனுப்பியதும் மற்ற வீடுகளும் அனுப்பின.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து மைல் சுற்றளவில் பெண்களை நம்பிக் காட்டுக்கு அனுப்பத் தகுந்த ஒரே ஆள் நான் என்று மார்தட்டிக்கொண்டேன். டீக்கடையில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டு நான் திரும்பினால், "அட, அண்ணனுக்குக் கழுத்து திரும்புது பாரேன்!" என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலும் எனக்கு இனித்தது. ஒதுங்க ஒரு கைதட்டு, கிளம்ப இரண்டு கைதட்டு என்று வகுத்தவன், ஆபத்துக்கு என்று ஒரு கைதட்டை வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

விதி வந்த மூன்றாவது வருடம் மாசிக் கடைசி. தேவாரத்துக்கு மேலே ஒன்பது ஆண்கள், ஆறு பெண்கள் ஏறினோம். ஆண்களில் ஒருவர் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்த்த கம்பவுண்டர். தோளில் எப்போதும் மருந்துப் பை. பெண்களில் இரண்டு பேர் பாத்திரக்கடை ஐயா வீட்டவர்கள். ஒருத்தி மருமகள் லீலா, ஆண்டிபட்டிப் பெண், கல்யாணமாகி இரண்டு வருடம். அதற்கு முன் மூன்று நடைகள் வந்திருந்தாள். கண்ணி கண்டுபிடிப்பதில் ஆண்களை மிஞ்சிவிடுவாள். இன்னொருத்தி எஸ்தர், ஐயாவின் மூத்த மகள். வடுகபட்டியில் கட்டிக் கொடுத்தவள், பிறந்த வீட்டுக்கு ஒரு வாரம் வந்திருந்தாள். லீலாவின் புருஷன் சாமுவேல் கடையைப் பார்க்க வேண்டியிருந்ததால் வரவில்லை.

காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. முருக்கு மரம் பூத்து, இலை ஒன்றுகூட இல்லாமல் செக்கச்செவேல் என்று நின்றது. கரிச்சானும் மைனாவும் தேனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஆறேழு கண்ணிகள் எடுத்திருப்போம். பதினோரு மணி வாக்கில் பின்னாலிருந்து ஒரு கைதட்டு கேட்டது. ஆண்கள் நின்றோம், மலையைப் பார்த்துக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் "யம்மா" என்று ஒரு சத்தம் கேட்டது. கூச்சல் இல்லை, பாதியில் கடித்து நிறுத்திய சத்தம். அதற்குப் பிறகு குசுகுசுவென்று பேச்சு. பிறகு பேச்சும் இல்லை. ஒன்பது ஆண்களும் அதைக் கேட்டோம். நான் திரும்பாமலே குரல் கொடுத்தேன்.

"என்ன தாயி, எதும் ஆயிருச்சா?"

"ஒண்ணுமில்லண்ணே, முள்ளு" என்றது எஸ்தரின் குரல்.

கம்பவுண்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "முள்ளு மாதிரி தெரியலண்ணே. நான் ஒரு எட்டு போயி பாத்துட்டு வரட்டா?"

"வேணாம்யா. பொம்பளைக விசயம். நீ பேசாம நில்லு" என்றேன்.

இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள் பிள்ளைகளே. முள் குத்தினால் பெண்கள் சிரிப்பார்கள், ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வார்கள், முள்ளைத் திட்டுவார்கள். வாயடைத்துப்போக மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். அந்த மௌனம் என் முதுகில் உறைத்தது. ஆனால் நான் திரும்பினால் விதி போச்சு. விதி போனால் என் பெயர் போச்சு. அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. இரண்டு கைதட்டு கேட்டதும் "நடங்கப்பா" என்று சொல்லிவிட்டேன்.

பின்னால் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. லீலா சருகில் உட்காரப் போன இடத்தில் விரியன் படுத்திருக்கிறது. தொடைக்கு மேலே கடித்துவிட்டது. சீறிய சத்தம் எஸ்தருக்கும் கேட்டிருக்கிறது. பாம்பென்று சொன்னால் கம்பவுண்டர் வருவார், எங்கே என்று கேட்பார், கட்ட வேண்டும் என்பார், கீற வேண்டும் என்பார். லீலா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, சொல்லிராதீக. கீழ போயிருவோம், வீட்டுல போயி பாத்துக்கிருவோம்" என்று கெஞ்சியிருக்கிறாள். எஸ்தரும், வேகமாக இறங்கிவிட்டால் ஒரு மணி நேரத்தில் தேவாரம், அங்கே பெண்களாகவே பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கில் ஒரு தப்புதான் இருந்தது. எங்கே போவது என்று முடிவு செய்கிறவன் நானாக இருந்தேன்.

நூறு அடி போயிருக்க மாட்டோம். "அண்ணே, கீழ எறங்கிருவோமா? வெயிலு ஏறுதுல்ல" என்று எஸ்தர் கேட்டாள்.

வெயிலைப் பற்றி அவள் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள், நேராகச் சொல்ல முடியாததை வெயில் மேல் போட்டுச் சொல்வார்கள். என் வீட்டில் தினமும் கேட்கிற பாஷைதான் அது. இருந்தும், "இன்னும் ஒரே ஒரு ஓடைதான் தாயி. பாத்துட்டு எறங்கிருவோம்" என்று மேலே நடந்தேன்.

அந்த ஓடையில் ஒரு கேளையாடு கண்ணியில் மாட்டிக் கிடந்தது. சின்ன மான் இனம், ஆட்டுக்குட்டி அளவுதான் இருக்கும். பின்னங்காலில் கம்பி இறுகி, தோல் உரிந்து, வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஆண்கள் எல்லோரும் மண்டியிட்டுவிட்டோம். ஒருவர் தலையைத் துண்டால் மூடினார், நான் கம்பியை வெட்டினேன். கம்பவுண்டர் பையைத் திறந்து, புண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவி, டிங்க்சர் தடவினார். பயப்படாதே, பயப்படாதே என்று அதோடு பேசிக்கொண்டே தடவினார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். எழுந்து நொண்டிக்கொண்டு அது புதருக்குள் ஓடியபோது கைதட்டினோம். பின்னாலிருந்து ஒரு கையும் தட்டவில்லை.

காலடிச் சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்போதும் நான் திரும்பவில்லை. "தாயி, வாரீகளா?" என்று மலையைப் பார்த்துக் கேட்டேன். எஸ்தர் ஓடிவந்தாள். ஆண்களைத் தாண்டி ஓடிவந்து, என் முகத்துக்கு நேராக நின்றாள். மூன்று வருடத்தில் அந்த ஐம்பதடி இடைவெளியைத் தாண்டிய முதல் பெண் அவள்தான்.

"லீலாவுக்கு முடியலண்ணே. பாம்பு கடிச்சிருச்சு. அப்பவே கடிச்சிருச்சு."

திரும்பினேன். லீலா ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தாள். மற்ற நான்கு பெண்களும் சேலை முந்தானையை விரித்து அவளைச் சுற்றி மறைப்புக் கட்டி நின்றார்கள். லீலாவின் பல் ஈறில் ரத்தம் கசிந்து உதட்டோரம் காய்ந்திருந்தது. கம்பவுண்டர் ஓடிப்போய், "எங்கன கடிச்சுச்சு?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கத்தினார். லீலா கண்ணைத் திறக்காமல், "ஆம்பளைகளப் போகச் சொல்லுங்க மதினி" என்றாள்.

அவ்வளவு வலியிலும் அவள் என் விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

கம்பவுண்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை. "நடக்க விட்டிருக்கக் கூடாதுண்ணே. நடக்க நடக்க ஏறும்" என்றார். இரண்டு கம்பு வெட்டி, வேட்டிகளை முடிந்து தூளி கட்டினோம். நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கினோம். ஒன்றரை மணி நேரம் இறக்கம். வழியெல்லாம் எஸ்தர் தூளியைப் பிடித்துக்கொண்டு, லீலா, லீலா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். தேவாரத்தில் ஒரு ஏலத்தோட்டத்து ஜீப் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னால வந்திருந்தா என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் லீலா போய்விட்டாள். இருபத்து நான்கு வயது.

இதோடு கதை முடிந்திருந்தால், கூச்சத்தால் ஒரு பெண் செத்தாள் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். முதல் தப்பை அவசரத்தில் செய்தேன். அடுத்ததைச் செய்ய எனக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பாத்திரக்கடை ஐயா வீட்டில் என்னையும் கம்பவுண்டரையும் கூப்பிட்டார்கள். ஆண்டிபட்டியிலிருந்து லீலாவின் அப்பா வந்திருந்தார். சாமுவேல் சுவரோரம் நின்றான். எஸ்தர் தரையில் உட்கார்ந்திருந்தாள். தெரிந்தே மறைத்துவிட்டாள், தம்பி பெண்டாட்டியைக் கொன்றுவிட்டாள் என்று வீடே அவளைப் பேசிக்கொண்டிருந்தது. லீலாவின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அந்நேரம் உங்களுக்கு எதும் தெரிஞ்சுச்சாய்யா? ஒரு சத்தம், கித்தம்?"

எஸ்தர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் குரல் கொடுத்ததும், அவள் இறங்கலாம் என்று கேட்டதும், நான் மறுத்ததும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னால் எடுபடாது. நான் சொன்னால்தான் எடுபடும்.

"இல்லைங்கய்யா. ஒண்ணும் தெரியல" என்றேன்.

கம்பவுண்டர் தரையைப் பார்த்தார். எஸ்தர் மறுபடியும் குனிந்துகொண்டாள். கிளம்பும்போது பாத்திரக்கடை ஐயா வாசல்வரை வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுதார். "விதி முடிஞ்சு போச்சு, நீங்க என்ன செய்வீக? கடைசி வரைக்கும் எங்க வீட்டுப் பிள்ளைய ஒரு ஆம்பளை கண்ணும் படாமக் கொண்டாந்து சேத்தீக தம்பி. அது போதும்" என்றார். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது எனக்கு.

அடுத்த வருடம் நடையில் விதியை எடுத்துவிட்டேன். ஒரு வழிகாட்டி முன்னால், ஒருவர் கடைசியில், பெண்களில் ஒருத்திக்கு முதலுதவிப் பயிற்சி, ஒதுங்குகிற இடத்தைக் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவது. இன்று நீங்கள் கேள்வி கேட்காமல் செய்கிற எல்லாம் அப்போது வந்ததுதான். ஏன் மாற்றினேன் என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. பாதி வீடுகள் பெண்களை அனுப்புவதை நிறுத்தின. அனுப்பியவர்கள் போதும் என்று நடந்தேன்.

ஒன்பது வருடம் ஓடிவிட்டது. பாத்திரக்கடை ஐயா இறந்தபோது துக்கத்துக்குப் போயிருந்தேன். எஸ்தர் வந்தாள். சாமுவேல் அவளைப் பார்த்தும் பார்க்காதவன்போல உள்ளே போய்விட்டான். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. பெற்ற அப்பாவின் முகத்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அப்பா சாவுக்கு உள்ளே வர முடியாத ஒரு மகளை நான்தான் உண்டாக்கி வைத்திருக்கிறேன் என்று அங்கேயே புரிந்தது. மறுவாரம் விசாரித்துக்கொண்டு வடுகபட்டிக்குப் போனேன்.

என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் சொல்வதை நின்றுகொண்டே கேட்டாள். எல்லாவற்றையும் சாமுவேலிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"நான் செஞ்சது தப்புத்தாண்ணே. அதை நான் யாரு மேலயும் போடலை. ஆனா மலையில நீங்க ஒருக்கா திரும்பியிருந்தா, எனக்குச் சொல்லத் தைரியம் வந்திருக்கும். வீட்டுல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கு எங்க அப்பா முகம் மிஞ்சியிருக்கும். இப்ப எதுக்கு வந்தீக?"

எழுந்து வந்துவிட்டேன். ஆனால் நேராகப் போடிக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் சாமுவேல் ஒரு வீட்டாருக்குக் குத்துவிளக்கு எடை போட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். சத்தம் கேட்டது, முள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது, கம்பவுண்டரைத் தடுத்தது, இறங்கலாம் என்று உன் அக்கா கேட்டும் மேலே கூட்டிப் போனது, உங்கள் வீட்டில் பொய் சொன்னது. எல்லாம் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் ஒன்பது வருடம் ஒளித்து வைத்திருந்தேன்.

பிள்ளைகளே, மலையில் நீங்களும் தப்பு செய்வீர்கள். செய்யாமல் இந்த வேலை பார்க்க முடியாது. உங்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த விதி எதுவோ அதன் மேல் ஒரு கண் வையுங்கள். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் திரும்பிப் பாருங்கள். ஏதாவது நடந்துவிட்டால், அன்றைக்கே, முதலில் கேட்கிறவரிடமே சொல்லுங்கள். உங்களுக்குப் பதிலாக அதை இன்னொருவர் சுமக்கக் கூடாது.

சாமுவேல் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் தராசுத் தட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா வீடு மாறிட்டதாச் சொன்னாக. இப்ப எந்தத் தெரு?"

சொன்னேன். கல்லாவிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து எழுதிக்கொண்டான்.

"சரி, போங்க. இனிமே இந்தக் கடை வாசல் ஏறாதீக" என்றான்.

இறங்கினேன். பத்தடி போவதற்குள் பின்னால் கடையின் பலகைகளை அடுக்கிச் சாத்துகிற சத்தம் கேட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை, நல்ல வியாபார நேரம். திரும்பிப் பார்த்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் பஸ் நிறுத்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.